முழங்கால் வலியும் போர்வெல் தண்ணீரும்

ஓசூரில் எலும்பு டாக்டரின் அறை வாசலில் காத்திருக்கும் கூட்டத்தில் எல்லாத் தொழில்காரர்களும் இருப்பார்கள். மோட்டார் ஆலையில் நின்றே காலம் தள்ளியவர், பசுமைக்குடிலில் ரோஜா பறிப்பவர், கிரானைட் பட்டறைக்காரர், அஞ்செட்டிப் பக்கம் கேழ்வரகுக் காட்டில் குத்தவைத்துக் களை எடுத்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் உள்ளே வலியைச் சொல்வார்கள். எக்ஸ்ரேவைப் பார்த்தபின் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "மூட்டு தேஞ்சு போச்சு."

அந்த எக்ஸ்ரே தாமதமாகப் பேசும் சாட்சி. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும். அது குறுகியிருக்கிறதா, ஓரத்தில் எலும்பு முள்போல் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறையை கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்தார்கள். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி குறைவதற்குள் குருத்தெலும்பு கணிசமாகப் போயிருக்கும். படம் மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் மாடிப்படி ஏற முடியாதவர்களும் உண்டு.

தேய்மானத்தை முன்கூட்டியே ரத்தத்திலோ சிறுநீரிலோ பிடிக்க முடியுமா என்ற தேடல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. குருத்தெலும்பின் சட்டகம் இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற புரதம். நொதிகள் அதை வெட்டும்போது உதிரும் ஒரு துண்டு சிறுநீரில் வந்துவிடுகிறது. அதன் பெயர் சிடிஎக்ஸ்-2. 'காம்ப்' எனப்படும் இன்னொரு குருத்தெலும்புப் புரதத்தை ரத்தத்தில் அளக்கலாம். அளப்பதில்தான் சிக்கல். சிடிஎக்ஸ்-2 காலையில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் இருக்கும். காம்ப், நடந்தாலே ஏறும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வேகமாக நடந்து வந்து மூச்சு வாங்கக் கையை நீட்டினால் ஒரு எண். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கொடுத்தால் வேறு எண்.

அமெரிக்காவில் 4,796 பேரின் முழங்கால்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் 600 பேரின் மாதிரிகளைச் சோதித்தபோது, தேய்மானம் யாருக்கு மோசமாகும் என்பதை ஓரளவு முன்னறிவித்த குறிகாட்டிகளில் சிடிஎக்ஸ்-2 முன்வரிசையில் இருந்தது. 2024இல் டியூக் பல்கலைக்கழகத்தின் விர்ஜீனியா கிரவுஸ் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். லண்டன் புறநகரான சிங்ஃபோர்டு பகுதிப் பெண்கள் 200 பேரின் பழைய ரத்த மாதிரிகளை ஆராய்ந்து, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே ரத்தப் புரதத் துணுக்குகள் சிலவற்றில் அடையாளம் இருந்ததாகக் காட்டினார்கள். அதே பெண்களில் வயதையும் எடையையும் மட்டும் வைத்துக் கணிப்பது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமமாகவே இருந்தது.

ஆனால் அந்த 200 பேரும் வெள்ளைக்காரப் பெண்கள். ஓசூர் பக்கத்துத் தேன்கனிக்கோட்டை முழங்காலுக்கு அதே கணக்கு பொருந்துமா என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும். தேய்மானத்தை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் வரவில்லை. லேப்களில் 'மூட்டுவலி பேக்கேஜ்' என்ற பெயரில் எடுக்கும் யூரிக் அமிலமும் ஆர்.ஏ. ஃபேக்டரும் வேறு நோய்களைத் தேடுபவை. தேய்மானத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2004இல் தனி மாவட்டமாகும் வரை இது தர்மபுரியோடு சேர்ந்திருந்தது. இரண்டுக்கும் பொதுவான தொல்லை நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு. பாறையிலிருந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பல வருடங்கள் அதற்கு மேல் குடித்தால் பல்லில் கறை விழுவதோடு நிற்காது. தசைநார்களில் சுண்ணாம்பு படியும். கழுத்து, முதுகு, முழங்கால் எல்லாம் இறுகும். சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதி மக்களிடம் இந்த எலும்பு நோய் இருப்பதை 1937இலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் இது வெறும் மூட்டுவலியாகத்தான் இருக்கும். தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரையோடு அனுப்பிவிடுவது எளிது. பிரித்தறிய வழி உண்டு. ஒன்று, முன்கை எக்ஸ்ரே: அங்குள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவிலான சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் ஃபுளோரைடு மேல் சந்தேகம் வலுக்கும். இன்னொன்று சிறுநீரில் ஃபுளோரைடு அளவு. மின்முனைக் கருவி ஒன்று போதும். மாதிரியைக் கண்ணாடியில் அல்லாமல் பிளாஸ்டிக் புட்டியில் பிடிக்க வேண்டும். மூலக்கூறு அளவிலான குறிகாட்டி என்று பெரிய பெயர் சூட்டாமலேயே நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் சோதனை இது.

அதற்கும் ஒரு வரம்பு உண்டு. இந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவர 2008இல் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பி, ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் முடிந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. காவிரி நீருக்கு மாறியவரின் சிறுநீரில் ஃபுளோரைடு குறையத் தொடங்கும். எலும்பில் ஏறியது அத்தனை சீக்கிரம் இறங்காது. இன்று அறுபதைத் தொடுபவர் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் போர்வெல் தண்ணீரே குடித்தவராக இருக்கலாம். சிடிஎக்ஸ்-2 அளவும் குருத்தெலும்பை மட்டும் காட்டுவதில்லை. எலும்பு மெலிவு நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளாலேயே அது இறங்குகிறது, அதாவது எலும்பின் மாற்றமும் அதில் கலந்திருக்கிறது. எனவே நாளை அந்தச் சோதனை ஓசூர் லேப்களுக்கு வந்தாலும், எந்த ஊரில் வளர்ந்தார், 2013க்கு முன் எந்தத் தண்ணீர் குடித்தார் என்ற இரண்டு கேள்விகளையும் நோயாளியின் சீட்டில் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும்.