தர்மபுரியின் ஆப்பிரிக்க மரம்

மாசி, பங்குனியில் தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டும் சத்தம் கேட்கும். ஓடு நீக்கிய பழத்தைக் கல்லில் வைத்து ஒரு தட்டு. கோதை உருவிவிட்டுக் கொட்டையைப் பிதுக்கி எடுக்கும் விரல்கள் நிற்பதே இல்லை. கூலி கிலோ கணக்கில்.

இது ஆப்பிரிக்க மரம் என்றால் அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் புளியமரத்தின் பூர்விகம் வெப்பமண்டல ஆப்பிரிக்காதான் என்கிறார்கள் தாவரவியலாளர்கள். சூடானில் காய்ச்சல்காரருக்குப் புளி ஊறிய தண்ணீர் கொடுப்பார்கள். ஆப்பிரிக்காவில் பல இடங்களில் மலச்சிக்கலுக்கும் இந்தப் பழமே மருந்து. பழத்திலுள்ள டார்டாரிக் அமிலமும் பொட்டாசிய உப்பும் மலத்தை இளக்கும். நம் பாட்டிமார் சுளுக்குக்குப் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டார்கள். அதில் பாதிப் பலன் சூட்டினுடையது என்பது என் எண்ணம். தட்டி ஒதுக்கும் கொட்டையும் வீணில்லை. அதிலிருந்து பிரிக்கும் பசைப்பொருள் கண் வறட்சிக்கான சொட்டுமருந்தில் சேர்கிறது.

தர்மபுரிக்கும் புளிக்கும் இன்னொரு கணக்கு உண்டு. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாறையைத் துளைத்து இறக்கிய இங்குள்ள ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. முற்றினால் எலும்பும் மூட்டும் இறுகும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 18 சிறுவர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு தினம் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீரில் வெளியேறிய ஃப்ளோரைடு நாளுக்கு 3.5 மில்லிகிராமிலிருந்து 4.8 ஆக உயர்ந்தது. 10 கிராம் என்பது நெல்லிக்காய் அளவுதான்; நம் குழம்பில் சேராத புளியா அது!

ஆனாலும் 18 பேர் கொஞ்சம்தான். வெளியேறுவது கூடினாலும், குடிக்கிற தண்ணீரில் உள்ளே போவது நிற்காது. விழுந்த கறையும் மறையாது. புளியை மருந்தாகக் கரைத்துக் குடிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆஸ்பிரின் மாத்திரை ரத்தத்தில் சேரும் அளவைப் புளி கூட்டுவதாக ஆய்வு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஃப்ளோரைடு கலந்த தண்ணீருக்கு மாற்றாகத்தான், காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குழம்புக்குப் புளி தாராளமாகக் கரையுங்கள். அந்தக் குழம்பையும் சோற்றையும் ஆக்குவதற்கு ஆழ்துளைத் தண்ணீர் வேண்டாம், காவிரித் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.