பட்டறைத் தெருவில் பள்ளிக்கூடம் வேண்டாம்

எங்கள் தொழிற்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலை ஒன்றை வாங்கி, அங்கே பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள். நான் எதிர்க்கிறேன். லேத் பட்டறைக்காரனுக்குப் படிப்பு மேல் என்ன கோபம் என்று கேட்கிறார்கள். என்னிடம் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும்தான். அது அவர்கள் குடியிருக்கும் பக்கம் வரட்டும்.

என் பட்டறைக்கு இடப்பக்கம் பிளேட்டிங் யூனிட். துரு எடுக்க இரும்பை அமிலத் தொட்டியில் முக்கும்போது எழும் ஆவி தொண்டையைக் கமற வைக்கும். எதிரே ஐஸ் ஃபேக்டரி, குளிரூட்ட அம்மோனியா. காலை எட்டரைக்கு ஷிப்ட் மாறும். பள்ளிப் பிள்ளைகள் வரும் நேரமும் அதுதான். டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும்போது டிரைவருக்குப் பின்னால் எதுவும் தெரியாது. கிளீனர் இறங்கி, வண்டியைத் தட்டித் தட்டித்தான் வழி சொல்வார். அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் யூ.கே.ஜி. பிள்ளை நிற்கலாமா?

எங்கள் ஆட்களுக்குக் கையுறை, முகமூடி, பயிற்சி எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். குளோரின் போன்ற வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். கசிந்தால் தாழ்ந்து, தரையை ஒட்டிப் பரவும். குழந்தையின் மூக்கு இருக்கும் உயரம் அது.

2017 மே மாதம் டெல்லி துக்ளகாபாத்தில், கன்டெய்னர் டிப்போவில் ரசாயனம் கசிந்து, பக்கத்துப் பள்ளி மாணவிகள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனைக்குப் போனார்கள்.

மண்ணும் ஆபத்துதான். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்த இடத்தை, 1953இல் பள்ளி வாரியம் ஒரே ஒரு டாலருக்கு வாங்கியது. கழிவு புதைந்திருப்பது பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அப்படியும் பள்ளி கட்டினார்கள். மகனை அங்கே படிக்க வைத்த லோயிஸ் கிப்ஸ், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். 1978இல் பள்ளி மூடப்பட்டது. லவ் கெனால் என்று உலகம் அறிந்த சம்பவம் இது.

பிள்ளைகளோடு தொழிலாளிக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. பள்ளி வந்துவிட்டால் நாளைக்குச் சத்தம், புகை என்று புகார் போகும். காலிசெய்யச் சொல்வது பட்டறையைத்தான். தொழிலுக்கு என்று ஒதுக்கிய இடத்தை நம்பிக் கடன் வாங்கி மெஷின் போட்டவர்கள் எங்கே போவார்கள்?

நிலத்தின் வகைப்பாட்டை மாற்ற விண்ணப்பம் போனால், பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அதைக் கவனித்து, எழுத்தில் மனு கொடுங்கள். சுற்றிலும் அதிக மாசு உண்டாக்கும் ‘சிவப்பு’ வகை ஆலைகள் எத்தனை, நிலத்தின் மண்ணைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். அபாயகர ரசாயனங்களைப் பெருமளவில் கையாளும் ஆலைகளுக்கு வெளியே விபத்து பரவினால் என்ன செய்வது என்ற திட்டம், 1989 விதிகளின்படி மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். அதில் இந்தப் பள்ளிக்கு இடம் உண்டா என்றும் கேளுங்கள்.

கட்டடம் எழும்பிய பிறகு எதிர்ப்பது கடினம். பெற்றோர்களே, அஸ்திவாரம் தோண்டும் முன்பே பேசுங்கள்.