ஒழுகும் துணி மெஷினும் ஒரு சிட்டிகை நீலமும்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை. பக்கத்து லயத்து அக்காள் நனைந்த சேலையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், துணி மெஷின் அடியில தண்ணி ஒழுகிக்கிட்டே இருக்கு. பழுது பாக்கறவர் வந்தாரு. 180 வெள்ளி ஆகும், இல்லேன்னா புதுசு வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றார்.

அந்த அக்காள் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். நாள் முழுவதும் குனிந்து நிமிர்கிற வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் கல்லில் துணி அடித்துத் துவைத்து முதுகு போனதால்தான், மூன்று ஆண்டுகளுக்கு முன் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ஓர் இரட்டைத் தொட்டி மெஷின் வாங்கினார். இப்போது வீட்டில் இருந்த பணமோ, இடைநிலைப் பள்ளிக்குப் போகும் மகளின் சீருடைக்கும் காலணிக்கும் எடுத்து வைத்தது. மெஷினுக்குக் கொடுத்தால் மகளுக்கு இல்லை. மகளுக்குக் கொடுத்தால் மறுபடியும் துவைக்கிற கல்தான்.

"அக்கா, பணத்தை எடுக்க வேண்டாம். தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. முன்பு என் வீட்டு மெஷின் ஒழுகியபோது, பின்புறம் கீழே நீர் சொட்டுவதைக் கண்டதும் கழிவுக் குழாய்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். பட்டணத்துக்குப் போய் 15 வெள்ளிக்குப் புதுக் குழாய் வாங்கி மாட்டினேன். மறுநாளும் அதே இடத்தில் ஈரம்! பிறகு பொறுமையாகக் கையால் தடவிப் பார்த்தால், கசிவு மேலே தண்ணீர்ப் பைப்பின் மூட்டில் இருந்தது. நீர் ரப்பர்க் குழாயின் மேலேயே வழிந்து இறங்கி, மிகத் தாழ்ந்த இடத்தில் சொட்டியிருக்கிறது. அங்கே போட வேண்டியிருந்தது சில காசு விலையுள்ள ஒரு ரப்பர் வாஷர்தான். நீர் கசியும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு என்ற பாடத்தை 15 வெள்ளி கொடுத்துப் படித்தேன்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

வாசகத் தாய்மார்களே, ஈரத் தரையும் மின்சாரமும் சேரும் இடத்தில் அவசரம் உயிருக்கே ஆபத்து. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மெஷினைத் தொடுவதற்கு முன் உலர்ந்த கையோடு, காலில் செருப்போடு, சுவிட்சை அடைத்துப் பிளக்கையும் வெளியே எடுத்துவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அடைத்தால் போதாது. பிளக்கு இருக்கும் இடம் வரைக்கும் தரை நனைந்திருந்தால், அதன் பக்கம் போகாமல் மெயின் சுவிட்சை அடையுங்கள்.

பிளக்கை எடுத்த பிறகும் ஓர் எச்சரிக்கை. மோட்டாரோடு இணைந்த கப்பாசிட்டர் என்னும் சிறு பொருள், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். ஆகவே உள்ளே உள்ள கம்பிகளிலும் மோட்டாரிலும் கை வைக்க வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியாத மெஷினாக இருந்தால் மூடியைக்கூடத் திறக்காமல் வாங்கிய கடைக்குத் தகவல் சொல்லுங்கள். நாமே திறந்துவிட்டால் உத்தரவாதம் செல்லாமல் போகக்கூடும்.

எப்போது ஒழுகுகிறது?

மருத்துவர் நோயாளியிடம் வலி எப்போது வருகிறது என்று கேட்பதில்லையா? நாமும் மெஷினிடம் அதையே கேட்க வேண்டும். தரையை நன்றாகத் துடைத்து உலர்த்தி, மெஷினைச் சுற்றிலும் பழைய நாளிதழை விரியுங்கள். முதலில் எந்தப் பக்கத்துத் தாள் நனைகிறது என்று கவனியுங்கள். பார்ப்பது மட்டும்தான், மெஷின் ஓடும்போது அதைத் தொடாமல் தள்ளி நில்லுங்கள். மின்சாரம் பட்டதுபோல் ஒரு முறையாவது சுரீர் என்றிருந்தால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

மெஷின் சும்மா நிற்கும்போதே ஈரம் என்றால், பைப்பும் நீர் வரும் குழாயும்தான் காரணம்.

நீர் நிரம்பும்போது ஒழுகினால், அதே குழாயின் மூட்டைப் பாருங்கள். அல்லது தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள்.

நீர் நிரம்பி நிற்கும்போது ஒழுகினால், தொட்டியின் அடிப்பாகமோ அங்குள்ள வால்வோ காரணம்.

நீரை வெளியேற்றும்போது மட்டும் ஒழுகினால், கழிவுக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

பிழியும்போது ஒழுகினால், பிழியும் தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம்.

இங்கேதான் நீலம் உதவுகிறது. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சிட்டிகை எடுத்துத் துவைக்கும் தொட்டியின் நீரில் கலக்குங்கள். தரையில் நீல நீர் வந்தால் கசிவு தொட்டியிலிருந்து வருகிறது. நிறமில்லாத நீர் வந்தால் அது பைப்பு நீர், தொட்டியின்மேல் குற்றமில்லை.

நம் கையால் முடிகிறவை

பைப்பு மூட்டில் கசிவு என்றால், பைப்பை அடைத்துக் குழாயைக் கழற்றி உள்ளே உள்ள ரப்பர் வாஷரைப் பாருங்கள். காய்ந்தோ தட்டையாகியோ இருந்தால் மாற்றுங்கள். பழைய வாஷரைக் கையோடு கடைக்குக் கொண்டு போனால் அளவு தவறாது. பலர் இந்த மூட்டில் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றி ஓய்ந்து போகிறார்கள். இங்கே நீரைத் தடுப்பது வாஷர்தான். டேப் தேவைப்படுவது பைப்பு சுவர்க் குழாயோடு சேரும் மரையில்.

கழிவுக் குழாயில் வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் அது முனையின் பக்கத்தில்தான் இருக்கும். குழாய் நீளமாக இருந்தால், வெடித்த பகுதியை வெட்டிவிட்டு மீண்டும் செருகி, கிளிப் போட்டு இறுக்கலாம். நம் தோட்டத்து வீடுகளில் எலிக்கும் பங்கு உண்டு. மெஷினின் திறந்த அடிப்பக்கம் வழியாகப் புகுந்து குழாயைக் கடித்துவிடும். கடித்த அடையாளம் கண்டால் மின்கம்பியையும் கடித்திருக்குமோ என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பியில் பல் பட்டிருந்தால் மெஷினை ஓட்டாமல் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

இரட்டைத் தொட்டி மெஷின்களில் பல, நீரைத் தானாகக் கீழே இறங்கவிடுபவை. நீரைத் தள்ளும் பம்பு அவற்றில் இல்லை. கழிவுக் குழாயை உயரத்தில் மாட்டினாலோ அது மடங்கிக் கிடந்தாலோ நீர் வெளியேறாமல் பிழியும் தொட்டியில் தேங்கிக் கசியும். குழாயைத் தரையில் நேராகப் போட்டாலே தீர்ந்து போகிற குறை இது.

சவுக்காரத்தூளை அள்ளிப் போடுவதும் ஒரு காரணம். மழை நீர் மென்மையானது. அதில் நுரை அதிகமாக வரும். மழை நீரில் துவைக்கும் நாளில் தூளைக் குறைத்துப் போடாவிட்டால் நுரை பொங்கித் தரைக்கு வந்துவிடும். தரை சரிந்திருந்தாலும் மெஷின் ஆடி நீரைச் சிந்தும். பாதி நீர் நிரப்பிய கண்ணாடிப் போத்தலை மெஷினின் மேல் படுக்க வைத்தால், உள்ளே நீர் நிற்கும் மட்டத்தைக் கொண்டு சரிவு தெரிந்துவிடும். தாழ்ந்த காலின் கீழ் தட்டையான ரப்பர்த் துண்டு வைத்துச் சரிசெய்யலாம்.

தானாக இயங்கும் ஒற்றைத் தொட்டி மெஷினில் நீர் நிரம்பி வழிந்தால் ஓர் எளிய சோதனை. நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அடையுங்கள். அப்போதும் நீர் வந்துகொண்டிருந்தால், நீரை உள்ளே விடும் வால்வு மூடவில்லை என்று பொருள். நீர் நின்றுவிட்டால், நீர் மட்டத்தை அறியும் பாகத்தில் கோளாறு. இந்த இரண்டில் எது என்று சொல்ல முடிந்தாலே பழுது பார்ப்பவர் நம்மிடம் வேறு கதை சொல்ல மாட்டார்.

அக்காள் வீட்டில் கண்டது

அக்காளின் மெஷினில் நீலத்தைக் கலந்துவிட்டுக் காத்திருந்தோம். மெஷினின் அடியில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் கழிவுக் குழாயின் வாய் வழியாக நீல நீர் மெல்லிய நூல்போல் வந்து, சரிந்த தரையில் மெஷினின் அடிக்கே ஓடித் தேங்கியது. அதாவது மெஷின் எங்கும் ஓட்டையாகவில்லை. நீரை அடைத்து வைக்க வேண்டிய வால்வு சரியாக மூடவில்லை.

பிளக்கைக் கழற்றி, நீரை இறக்கிவிட்டு, பின்மூடியின் ஸ்குருகளை அவிழ்த்தோம். கழற்றிய ஸ்குருகளை அவரது மகள் ஒரு மைலோ மூடியில் வரிசையாக வைத்துக்கொண்டாள். தொட்டியின் அடியில் ஒரு சிறு பெட்டிபோல் வால்வு இருந்தது. அதன் மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பர்த் தொப்பியும். தொப்பியின் விளிம்பில் நூல் பிசிறு கெட்டியாகச் சுற்றியிருந்தது. அதன் நடுவே ஒரு கொண்டை ஊசி! ரப்பர் கிழியவில்லை. கழுவித் துடைத்து, இருந்தபடியே மாட்டினோம். ரப்பர் கிழிந்திருந்தால் அதையே மாதிரியாகக் கொண்டு போய் வேறொன்று வாங்க வேண்டியிருந்திருக்கும்.

உடனே பிளக்கைச் செருகவில்லை. தொட்டியில் நீர் நிரப்பி, கழிவுக் குழாயின் கீழ் உலர்ந்த தாளை வைத்து 20 நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். தாள் நனையவில்லை. அதன் பிறகுதான் மூடியைப் பூட்டி மெஷினை ஓட்டினோம். செலவு, ஒரு சிட்டிகை நீலம்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பிழியும் தொட்டியின் சீல் தேய்ந்தால் நீர் கீழேயுள்ள மோட்டாரின் மேல் விழும், அது ஆபத்து. தொட்டியே பிளந்திருந்தாலும், கருகிய வாடை வந்தாலும், தொட்டதும் சுரீர் என்றாலும் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரை அழையுங்கள். அவரும் உழைத்துப் பிழைப்பவர்தான். ஆனால் "மெஷின் ஒழுகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பிழியும்போது மட்டும் வலப்பக்கம் ஒழுகுது" என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்தவரிடம் விலையும் நியாயமாகவே பேசப்படும்.

சொட்டுத்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். மாதத்துக்கு ஏறக்குறைய 130 லிட்டர். என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைக் கணக்காகவே கொடுத்தேன். மறுநாள் பாதிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பைப்புகளின் சொட்டை எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

அக்காளின் மகள் புதுக் காலணி போட்டுக்கொண்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். சென்ற வாரம் கடைசி லயத்தில் இன்னொரு மெஷின் ஒழுகியதாம். என்னைக் கூப்பிடவில்லை. அவளே நீலப் பொட்டலத்தோடு போய், "பாட்டி, முதல்ல பிளக்கைக் கழட்டுங்க" என்றாளாம்.