ஐந்தாம் அவென்யூவில் அயர்லாந்தின் ஊர்வலம்

பாவூர்சத்திரத்திலிருந்து பேசுகிறேன். மார்ச் 17-ஆம் தேதி, அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் திருநாளை முன்னிட்டு, நியூயார்க் மாநகரின் ஐந்தாம் அவென்யூவில் பச்சை வர்ணம் தரித்த ஜனத்திரள் வாத்தியங்கள் முழங்க வடக்கு நோக்கி நடந்து செல்லும் காட்சியைத் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அந்த ஊர்வலத்தின் சரித்திரத்தையும், அதில் ஒலிக்கும் தோற்பை வாத்தியத்தின் சூட்சுமத்தையும் இன்று சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம்.

அங்கே அவ்வூர்வலம் தொடங்கியது 1762-இல். அமெரிக்கா தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்ததற்கு 14 ஆண்டுகள் முன்பு. எனினும் அதைப் பெருவிழாவாக்கியது பின்னால் வந்த ஒரு பெருந்துயரம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழ, அதையே பிரதான ஆகாரமாகக் கொண்டிருந்த அயர்லாந்தின் ஏழை ஜனங்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் சில ஆண்டுகளுக்குள் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறினார்கள். போன இடத்தில் அவர்களுக்குக் காத்திருந்தவை கடுங்கூலி வேலையும் ஏளனமும். அப்படிப்பட்ட ஜனங்கள், வருஷத்தில் ஒரு நாளேனும், மாநகரத்து ராஜவீதியின் நடுவே தலைநிமிர்ந்து நடந்தார்கள் என்பதே இவ்விழாவில் எனக்கு மகத்தானதாகத் தோன்றுகிறது. இன்றும் நியூயார்க் ஊர்வலத்தில் அலங்கார வண்டிகளுக்கு இடமில்லை. யாராயினும் நடந்தே செல்லவேண்டும்.

இனி அந்த வாத்தியம். பேக்பைப் வாசிப்பவர் ஒரு குழல் வழியாக ஊதித் தோற்பையை நிரப்பி, அதைக் கையிடுக்கில் வைத்து அழுத்த, உள்ளிருக்கும் காற்று ஒரே சமயத்தில் நான்கு குழல்களில் பாய்கிறது. விரல்கள் ஓடும் குழல் ஒன்பது ஸ்வரங்களைப் பேச, தோள்மேல் நிற்கும் மூன்று குழல்களும் இம்மியும் மாறாமல் ஆதார சுருதியை ஒலித்துக்கொண்டேயிருக்கின்றன. நம் பக்கத்துக் கோயில்களில் சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரக்காரருக்குப் பின்னே நின்று, கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஒத்து ஊதியவர் செய்துவந்த பணியும் இதுவேதான்.

இந்த பேக்பைப் உண்மையில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குரியது. அயர்லாந்தின் சொந்தக் குழல், முழங்கையால் துருத்தியை இயக்கி உட்கார்ந்து வாசிப்பது. அதைக்கொண்டு வீதியில் நடக்க இயலாது. ஆகவே, நியூயார்க் போலீஸில் உள்ள அயர்லாந்து வம்சாவளியினரின் எமரால்டு சங்கத்தில் 1960-இல் தோன்றிய வாத்தியக் குழுவும் ஸ்காட்லாந்துக் குழலையே ஏந்தி வருகிறது.

ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் இவ்விதம் கலந்த ஒருவரை நாம் நன்கு அறிவோம். ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1814-இல் அயர்லாந்தில் பிறந்து, நம் இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்தான் அவர். அந்த அயர்லாந்துத் தீவிலேயே 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், களக்காட்டு மலைச்சாரலை அடுத்த டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை அரை நூற்றாண்டு வளர்த்து, 1951-இல் அங்கேயே மறைந்தார். தம் சமாதிக்குக் கல் வேண்டாமென்று அவர் விரும்பியபடி, பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றே அங்கே இருக்கிறது.

நெல்லை, தென்காசி மாவட்டப் பள்ளிகளில் மார்ச் 17 அன்று இவ்விருவரையும் நினைத்துப் பிள்ளைகள் ஓர் ஊர்வலம் போகவேண்டுமென்பது என் நெடுநாளைய ஆசை. அவர்களுக்கு முன்னே நையாண்டி மேளம் செல்லட்டும். ஒத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட சுருதிப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, ஒத்து ஊதத் தெரிந்த முதியவர் ஒருவரையும் அவசியம் அழைத்து வாருங்கள்.