வாடகையைப் பார்க்காதீர்கள், அடக்கத்தைப் பாருங்கள்



விருத்தாசலத்தில் படித்து முடிக்கும் பிள்ளைகளில் பலர் வேலைக்குச் சென்னைக்குத்தான் போகிறார்கள். பீங்கான் தொழில்நுட்பம் படித்த பையனானாலும் சரி, கணக்குப் பதிவியல் படித்த கடைக்காரர் மகளானாலும் சரி, வேலை உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: எங்கே தங்குவது? ஒரு மூட்டை சரக்கு எடுக்க நாலு மண்டி ஏறி இறங்குகிறவர்கள்கூட, இந்த விஷயத்தில் யாரோ சொன்ன இடத்தில் வாடகை குறைவு என்பதற்காகவே முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

மொத்த வியாபாரத்தில் நாம் கொள்முதல் விலையை மட்டும் வைத்து லாபம் பார்ப்பதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்க்கிறோம். பீங்கான் சரக்கு என்றால் உடைசலுக்கும் கழிக்கிறோம். அப்படிக் கூட்டி வருவதுதான் அடக்க விலை. குடியிருக்கும் இடத்துக்கும் அடக்க விலை உண்டு.

கணக்குக்காக ஒரு உதாரணம் பார்ப்போம். ரயில் நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே ஒரு வீடு, வாடகை 8,000 ரூபாய். நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இன்னொன்று, 10,000 ரூபாய். முதல் வீட்டுக்கு ஷேர் ஆட்டோ போக 25, வர 25 என்று வைத்தால் 26 வேலை நாளுக்கு 1,300 ரூபாய். இரவு தாமதமாகும் ஆறு நாள் தனி ஆட்டோவுக்குக் கூடுதலாக 150 வீதம் 900 ரூபாய். ஆக அடக்கம் 10,200. குறைந்த வாடகை வீடுதான் 200 ரூபாய் அதிகம்! தினமும் ஒரு மணி நேரம் வழியில் போனால் மாதம் 26 மணி நேரம் வீண். அதற்கு நாம் விலையே போடவில்லை.

வேலை இடம், தடம், வீடு

முதலில் வேலை இடம், அடுத்து தடம், கடைசியில் வீடு. இந்த வரிசை மாறக் கூடாது.

நமது ஊருக்கு ஒரு வசதி உண்டு. விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் இருப்பதால் வைகை, பல்லவன் போன்ற ரயில்களில் ஏறினால் தாம்பரத்திலேயே இறங்கிக் கொள்ளலாம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு, நம் பக்கத்து அரசுப் பேருந்துகளும் தென் எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. ஆகவே ஊருக்கு வந்து போக, கூடுவாஞ்சேரி முதல் பல்லாவரம் வரை உள்ள இடங்கள் தோதானவை. கடற்கரை - தாம்பரம் மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. கிண்டித் தொழிற்பேட்டை, மாம்பலத்தில் இறங்கித் தியாகராய நகர், பூங்காவில் இறங்கிச் சவுகார்பேட்டை, கடற்கரையில் இறங்கிப் பாரிமுனை என எல்லாம் ஒரே தடத்தில் வருகின்றன. மாதச் சீட்டு மலிவு. பெண்களுக்குத் தனிப் பெட்டியும் உண்டு.

ஆனால் வேலை அம்பத்தூரில் என்றால் தாம்பரம் பக்கம் வீடு பார்ப்பது வீண் அலைச்சல். அதற்கு சென்ட்ரல் - அரக்கோணம் தடத்தில் அம்பத்தூர், ஆவடி பக்கம் பார்க்க வேண்டும். தரமணி என்றால் வேளச்சேரி, திருவான்மியூர் பறக்கும் ரயில் தடம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் என்றால் கம்பெனி பஸ் எந்தெந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டுவிட்டு, அந்த நிறுத்தத்துக்கு அருகில் பாருங்கள்.

மழையும் தண்ணீரும்

சென்னையில் வாடகை திடீரென்று குறைவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் தரையில் கிடக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அங்கெல்லாம் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இல்லை. ஒரு தெரு மேடு, அடுத்தது பள்ளம். எனவே வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிற்காமல், தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். எந்த மழையில் எத்தனை படி வரை தண்ணீர் ஏறியது என்பது சரக்கு நனைந்த கடைக்காரருக்கு மறக்காது. நம் தொழில்காரர் நமக்கு உண்மையைச் சொல்வார்.

கோடை வேறு கதை. 2019இல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். குழாய்த் தண்ணீர் வருகிறதா, ஆழ்துளைக் கிணறு மட்டும்தானா, லாரி வாங்கினால் செலவு யார் தலையில் என்பதை முன்கூட்டியே பேசிக் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு

பகலில் பார்த்த தெரு வேறு, இரவு ஒன்பதரை மணித் தெரு வேறு. பிள்ளை வேலை முடிந்து வரும் நேரத்துக்கே நிலையத்திலிருந்து வீடு வரை ஒரு முறை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, ஆள் நடமாட்டம் இருக்கிறதா? இரவு பத்து வரை திறந்திருக்கும் ஒரு மருந்துக் கடை, வாசலில் நிற்கும் காவலாளிக்குச் சமம்.

பெண் பிள்ளைகளை விடுதியில் சேர்ப்பதானால் உரிமம் பெற்ற விடுதியா என்று பாருங்கள்; 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதி 2023இல் தாம்பரத்தில் திறக்கப்பட்டது. அதையும் விசாரிக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, ரயில்வே உதவி எண் 139. இரண்டையும் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

எழுத்து முக்கியம்

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா, காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்க வணிகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடம் சரியாகத் தெரியாவிட்டால் முதல் இரண்டு மாதம் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கி, தடம் பழகிய பிறகு வீடு பிடிப்பது நல்லது. சரக்கு தவறாக எடுத்துவிட்டால் விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாம். நம் வீட்டுப் பெண் இரவில் நடந்து வரும் தெருவை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆகவே உறுப்பினர்கள் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டாவது, நேரில் போய்ப் பார்த்து அடக்கம் போட்டு முடிவு செய்யுமாறு அன்புடன் கேட்டுக் கொள்கிறோம்.