போதைக் காளானும் மனநல ஆலோசகரும்: நம் மஹல்லாவாசிகள் அறிய வேண்டியவை

குறுவை அறுவடை முடிந்த நேரம். ஜும்ஆ தொழுகைக்குப் பின் கூட்டம் கலைந்ததும், ஒருவர் தன் மருமகனை நம்மிடம் அழைத்து வந்தார். கல்லூரியில் படிக்கும் பையன், அத்தா வளைகுடாவில். பத்து நாட்களாகத் தூக்கமில்லை, சுவர் அசைகிறது என்கிறான், யாரோ தன்னைக் கண்காணிப்பதாகப் பயப்படுகிறான். "ஜின் கோளாறாக இருக்குமோ ஹஜ்ரத்? ஓதிப் பார்த்துவிட்டு முத்துப்பேட்டை தர்காவுக்குக் கூட்டிப் போகலாமென்று இருக்கிறோம்" என்றார் மாமா.

அவரை வெளியே அமரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினோம். கொடைக்கானலுக்கு நண்பர்களோடு போனபோது காளான் தின்றிருக்கிறான். ஏற்கெனவே ஓர் ஆலோசகரிடமும் போயிருக்கிறான். அவர் அதைக் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

மார்க்கத்தில் இதற்குரிய சட்டம் தெளிவானது. அறிவை மறைக்கும் பொருள் எதுவானாலும் ஹராம். "இயற்கையாக முளைப்பதுதானே" என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். திராட்சையும் இயற்கையாகக் காய்ப்பதுதான். நாட்டுச் சட்டத்திலும் இந்தக் காளானில் உள்ள சிலோசைபின், 'ஸ்டாம்ப்' என்று விற்கும் எல்.எஸ்.டி இரண்டும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவை. 2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம், காளானின் மொத்த எடையையும் போதைப்பொருளின் எடையாகக் கணக்கிட முடியாது என்று ஒரு ஜாமீன் வழக்கில் கூறியது. அதை வைத்து 'காளான் குற்றமில்லை' என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் தின்றுவிட்டு வந்து நிற்பவனுக்கு ஹராம் என்ற ஒரு சொல் மட்டும் போதாது. சிலோசைபின் மூளையில் செரட்டோனின் வேலை செய்யும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. நான்கு முதல் ஆறு மணி நேரம் நிறமும் நேரமும் 'நான்' என்ற உணர்வுமே குலைகின்றன. எல்.எஸ்.டி பன்னிரண்டு மணி நேரம் வரைகூட நீடிக்கும். பெரும்பாலோருக்கு அதோடு தெளிந்துவிடும். குடும்பத்தில் மனச்சிதைவு நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் ஆபத்து அதிகம். அதனால்தான் வெளிநாட்டு ஆய்வுகளிலும் அப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை.

ஆலோசகர் என்ன செய்ய வேண்டும்? பொருளைத் தரவோ, கிடைக்கும் இடத்தைச் சொல்லவோ, 'பரவாயில்லை' என்று தட்டிக்கொடுக்கவோ கூடாது. அதே சமயம் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும்: எதை, எப்போது, எவ்வளவு? கூடவே வேறு என்ன மாத்திரை? இந்தக் கடைசிக் கேள்வி உயிர் காக்கும் கேள்வி. லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் இவற்றைத் தொட்டால் வலிப்பு வரலாம். போதைக்காக மனநல மாத்திரையைத் திடீரென நிறுத்துபவர்களும் உண்டு. அது தனி ஆபத்து. நாட்கள் கடந்தும் தூக்கமின்மையும் சந்தேகமும் தொடர்ந்தால், அல்லது சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், பேச்சு மட்டும் போதாது. அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அடுத்தது நுட்பமான விஷயம். சிலர் "ஒளியைப் பார்த்தேன், இறைவன் என்னிடம் பேசினான்" என்று வருகிறார்கள். ஆலோசகர் சிரிக்கவும் கூடாது, மெய்ஞ்ஞானம் என்று சான்றிதழ் கொடுக்கவும் கூடாது. "அது உங்களுக்கு என்னவாகத் தோன்றியது? அதற்குப் பின் வாழ்க்கையில் என்ன மாறியது?" என்று கேட்டால், பல சமயம் அடியில் கிடக்கும் துக்கம் வெளியே வரும். இந்தப் பையனுக்கு அது மவுத்தாகிப்போன உம்மாவின் முகம். அந்தத் துக்கத்தைத்தான் ஆற்ற வேண்டும். போதையில் கண்டது வஹீயோ கராமத்தோ அல்ல என்று விளக்குவது ஆலிம்களின் வேலை. மாத்திரை வேண்டாம் என்று சொல்வது நம் வேலையல்ல. நம்மில் சிலர் அதையும் செய்துவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், வேறு மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர் சிலோசைபின் தரலாம். அழுகிய உறுப்பை வெட்டும்போது அறிவை மயக்கும் மருந்து தருவது பற்றி இமாம்கள் அன்றே பேசியிருக்கிறார்கள். மருத்துவர் கையில் கட்டாயத் தேவைக்காக வருவது வேறு மஸ்அலா. வட்டக்கானல் சரிவில் பறித்துத் தின்பதற்கு அது ஆதாரமாகாது.

போலீசுக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி சொன்னதை ரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சையாளர் மீது வைக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் உண்டு. போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குப் பெற போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கு 14446.

பையனுக்கு ஓதிப் பார்த்தோம். மறுநாள் காலை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாமே அவனுடன் போனோம். அங்கே எல்லாவற்றையும் அவனே சொன்னான். வழியெல்லாம் மாமா "அவன் என்னதான் சொன்னான் ஹஜ்ரத்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவன் சொன்னது அமானத். ஒரு மாதம் கழித்து, தூக்கம் திரும்பிய பிறகு, அவனாகவே மாமாவிடம் சொன்னான்.