ஒரே உலை: ஓர் ஆயரின் இறையியல்

பரமண்டல ஜெபத்தில் ஆகாரம் கேட்கிற இடத்தில் 'எனக்கு' என்று இல்லை, 'எங்களுக்கு' என்றுதான் இருக்கிறது. இந்த 'எங்க'ளில் யார் யார் அடக்கம்? தென்னிந்தியத் திருச்சபை ஆயரும் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியருமான தியாபிலஸ் அப்பாவு (1940-2005) இதைச் சமையற்கட்டில் வைத்து யோசித்தவர். 'பரட்டை' என்றால் பலருக்குத் தெரியும்.

பாமாலையும் கீர்த்தனையும் கோலோச்சிய வழிபாட்டுக்குள் பறையையும் கிராமத்துப் பேச்சையும் கொண்டுவந்தார். அந்தப் பாட்டுகளை ஞாபகம் வைத்திருக்கிறோம். அவற்றின் மையமான 'ஒரே உலை'யை வசதியாக மறந்துவிட்டோம். அவரவர் கொண்டுவந்ததை ஒரே பானையில் ஆக்கி எல்லாரும் சாப்பிடுவது அது.

சமபந்திதானே இது என்று கேட்கலாம். இல்லை. சமபந்தியில் போடுகிறவர் ஒருவர், உட்காருகிறவர் வேறொருவர். மறுநாள் அடுப்பு பழையபடி தனித்தனி. உலையில் விழுந்த அரிசியை யாருடையதென்று பிரிக்க முடியாது. தீட்டு என்கிற கருத்தாக்கமோ பிரித்துவைப்பதில்தான் உயிர்வாழ்கிறது.

"கோயில்ல ஒண்ணா நற்கருணை எடுக்கிறோம், அப்புறம் என்ன?" என்கிறார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது, கல்லறைக்கு இடம் கேட்கும்போது தெரியும் என்னவென்று.

பட்டியல் சாதியினரை வரையறுத்த 1950 குடியரசுத் தலைவர் ஆணையில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. 'மதம் மாறினாலும் சாதி போகவில்லை' என்று அரசிடம் வாதாடுகிறோம். வாதம் சரி. அதே வாயால் சபைக்குள் வந்து 'இங்க ஏதுங்க சாதி?' என்றால் எப்படி?

கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போட்ட கை, பக்கத்துத் தெரு அரிசியையும் தன் வீட்டு உலையில் போட வேண்டும்.